சூடு வைக்காத தகடுகள்

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. பெட்டியின் சுவரிலேயே பொருத்திய தடித்த கறுப்பு ரப்பர் உறைகளுக்குள் அவை முழங்கை தாண்டி நுழைந்திருந்தன. உள்ளே நிரம்பியிருந்தது நைட்ரஜன். காற்றும் ஈரமும் அங்கே அழைக்கப்படாத விருந்தாளிகள். சுழல்மேடையின் மேல், பேருந்துச் சீட்டு அளவுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டிக் கிடந்தது. இடது கை சொட்டுக்குழாயை எடுத்து அதன் நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு விட்டது. மேடை சுழன்றது. சொட்டு நான்கு மூலைக்கும் ஓடி, அதிகப்படியானது தெறித்துப் போக, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு படலம் தகட்டில் தங்கியது.

அடுத்து, பஞ்சு சுற்றிய குச்சியைக் கரைப்பானில் தொட்டு, தகட்டின் ஓரமாக ஒரு இழுப்பு. மின்கம்பி வந்து சேரும் விளிம்பில் படலம் இருக்கக் கூடாது. துடைத்தே ஆக வேண்டும். மற்றவர்கள் என்றால் ஒருமுறை இழுத்துவிட்டு அடுத்த தகட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தக் கைகள் புதுக் குச்சி ஒன்றை எடுத்து, இன்னும் கொஞ்சம் உள்தள்ளி, இரண்டாவது முறையும் இழுத்தன. ஓரம் அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக வந்தது.

கைகளின் சொந்தக்காரியை அந்தக் கட்டடத்தில் எல்லாரும் தூசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் கேட்கவே வேண்டாம். அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அவர்கள் தோளைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகத்தை. சட்டையில் ஒரு நூல் ஒட்டியிருந்தால் போதும், வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். தீயணைப்புக் கருவி சரிபார்க்க வந்தவரையே தலையுறை போடாததற்காக வாசலில் நிறுத்தி வைத்தவள்.

இங்கே வருவதற்கு முன் மூக்குக்கண்ணாடி வில்லைகளுக்குக் கீறல் விழாத பூச்சு போடும் தொழிற்சாலையில் இருந்தாள். படலத்தை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தால்தான் அது வாய் திறக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டாள். பூச்சு உரிந்த வில்லைகளை முதல்தரப் பெட்டியில் அடுக்கச் சொன்ன மேற்பார்வையாளரிடம், “நீங்க அடுக்குங்க, நான் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் அங்கேதான். அவர் அடுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே அவளைத் தரை பெருக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அவளும் பெருக்கினாள். அந்தத் தொழிற்சாலையில் அதுவரை யாரும் பெருக்காத மூலைகளையெல்லாம் பெருக்கி, மேற்பார்வையாளரின் மேசைக்கு அடியில் கிடந்ததை ஒரு முறத்தில் அள்ளி அவர் மேசைமேலேயே வைத்தாள்.

சிறுவயதில் இடது கையால் எழுதக் கூடாது என்று விரலில் அடித்த ஆசிரியை ஒருவர் இருந்தார். அந்த ஆசிரியை ஓய்வு பெற்றுப் போனார். இடது கை அப்படியே இருக்கிறது. இப்போதும் கண்ணாடிப் பெட்டியில் முதலில் தேய்ந்து ஓட்டை விழுவது இடது உறைதான்.

இந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி கழுவும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். கழுவியவளே பூசவும் ஆரம்பித்து, பிறகு பூசும் அறையே அவள் அறை ஆனது. சொட்டில் இருப்பவை குவாண்டம் புள்ளிகள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி நிற்கக்கூடிய படிகத் துகள்கள். கீழே மின்கடத்தும் படலம் ஒன்று, மேலே உலோகப் படலம் ஒன்று, நடுவில் இந்தப் புள்ளிகள். இரண்டு பக்கமிருந்தும் வரும் மின்சாரம் புள்ளிகளில் சந்தித்துக்கொண்டால் ஒளி. சந்திக்காமல் ஏதாவது ஒரு சந்து வழியாக நழுவிப் போனால் அதற்குப் பெயர் கசிவு. கசிந்த மின்சாரம் ஒளியைத் தராது, சூட்டைத்தான் தரும்.

வேறு எதற்கான விளக்கு என்றாலும் கொஞ்சம் சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தத் தகடுகள் போகும் இடம் அப்படிப்பட்டதல்ல. பிறந்த குழந்தையின் பாதத்தைச் சுற்றி ஒட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சிவப்பு ஒளியால் பார்க்கும் பட்டைக்குள் இவை உட்காரப் போகின்றன. மருத்துவக் கருவி செய்யும் சிறு நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. ஒளி இவ்வளவு வேண்டும், கசிவு இதற்கு மேல் கூடாது என்று எல்லை வகுத்துக் கொடுத்திருந்தார்கள். தேறினால் தொடர்ந்து வேலை வரும். தேறாவிட்டால் வேலை வேறு கூடத்துக்குப் போகும், பூசும் அறை பழைய நாற்காலிகள் அடுக்கும் கிடங்காகும், தூசியக்கா மறுபடி கண்ணாடி கழுவப் போவாள். இதை யாரும் அவளிடம் மறைக்கவில்லை.

ஒளி வந்துவிட்டது. கூடத்தின் தலைவியான டாக்டரம்மா, புள்ளிகளுக்கும் அவற்றின் மேலுள்ள உலோகப் படலத்துக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய பூச்சைச் சேர்க்கச் சொன்னார். ஒரு பக்கத்திலிருந்து முண்டியடித்து வரும் எலக்ட்ரான்களை அது கொஞ்சம் நிதானிக்க வைத்தது. அதே மின்சாரத்தில் வெளிச்சம் கூடியது. ஆனால் கசிவு மட்டும் இறங்குவேனா என்றது.

அளந்து சொல்பவன் அவளுடைய கொழுந்தன். அவளுக்கு அப்புறம் இதே கூடத்தில் சேர்ந்தவன். வீட்டில் மாடிக் குடித்தனம், வேலையில் பக்கத்து அறை. மீட்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

“அண்ணி, உங்க பிள்ளைங்க இன்னைக்கும் ஒழுகுறாங்க” என்றான் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி.

“எவ்வளவு?”

“போன வாரம் மாதிரியேதான். விளக்கு எரியிறதுக்கு முன்னாலயே கரன்ட் ஓடிடுது.”

“தூசி.”

“எல்லாத்துக்கும் தூசிதானா? அண்ணன் வீட்டுக்கு லேட்டா வந்தாக்கூடத் தூசிதான் காரணம்பீங்க போல.”

“அதுக்குக் காரணம் வேற. அவர் உன் அண்ணன்.”

மீட்டர் சிரித்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். “சூடு வெச்சிடலாம் அண்ணி. விஷயம் முடிஞ்சிடும்.”

சூடு வைப்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். தகட்டுக்கு மின்சாரத்தைத் தலைகீழாக, ஒரே வீச்சில், கொஞ்சம் அதிகமாகக் கொடுப்பார்கள். கசியும் இடம் எதுவோ அங்கே உலோகம் கருகி, பாதை அறுந்துவிடும். உடனே அளந்தால் தகடு பரமசாது. ஊசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கும், பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு.

“என் தகட்டுல வைக்கக் கூடாது.”

“உங்க தகடா? பிளாஸ்டிக் லேபோடது, கரைசல் லேபோடது, நைட்ரஜன்கூட லேபோடது.”

“பூசினது நான்.”

அவள் பேச்சோடு விடவில்லை. அவன் முன்பு எப்போதோ சூடு வைத்து மேசையில் போட்டிருந்த தகடு ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரலைச் சுற்றி வளைத்தாள். குழந்தையின் பாதத்தில் வளைவதுபோல நாலைந்து தடவை வளைத்து நிமிர்த்தி, “இப்ப அள” என்று நீட்டினாள். அளந்தான். சாதுவாக இருந்த தகடு பழையபடி ஒழுகியது.

டாக்டரம்மாவிடம் போனது விஷயம். அவர் தகட்டை வாங்கிப் பார்த்தார். “இது எனக்குத் தெரியாததில்லக்கா. வளைச்சா சில இடம் திரும்பத் திறந்துக்கும். ஆனா அவங்க குடுத்த சோதனையில வளைச்சு அளக்கணும்னு எங்கேயும் இல்ல. ஊரே இப்படித்தான் செய்யுது.”

“குழந்தை காலை ஆட்டாம வெச்சுக்கும்னு அந்தச் சோதனையில எழுதியிருக்கா?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அது. “வியாழக்கிழமை வாங்க வர்றாங்க. சூடு வேண்டாம்னா கசிவை நிறுத்தற வழியை நீங்கதான் சொல்லணும்.”

“சொல்றேன்” என்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. தூசியை ஒழித்தால் போதும் என்று மட்டும் நம்பினாள்.

அதன் பிறகு அந்த அறை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியின் உட்சுவர்களைத் துடைத்தாள். கரைசல்களை ஒன்றுக்கு இரண்டாக வடிகட்டினாள். காற்று வடிகட்டியைக் கழற்றிப் புதிது மாட்ட வைத்தாள். மீட்டர் தும்மினால்கூடத் திரைக்கு அந்தப் பக்கம் போய்த் தும்ம வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தகட்டையும் சாய்த்துப் பார்த்து, ஓரங்களை வழக்கத்தைவிடக் கவனமாக, இரண்டு தடவை, நூல் பிடித்ததுபோல் துடைத்தாள். புதுத் தகடுகள் அளக்கப் போயின.

மீட்டர் வெளியே வந்தான். இந்தத் தடவை கிண்டல் எதுவும் சொல்லவில்லை. அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இறங்கலையா?”

“கொஞ்சம் ஏறியிருக்கு அண்ணி.”

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டுகள் வழக்கத்தைவிடச் சத்தமாக அடுக்கப்பட்டன. கணவர் கட்டடங்களின் மின்பலகைகளைச் சோதிக்கும் எலக்ட்ரீஷியன். மனைவியின் தட்டுச் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லக் கூடியவர்.

“என்ன, என் தம்பி ஏதாவது சொன்னானா?”

“அவன் சொன்னா நான் பதில் சொல்லிடுவேன். தகடு சொல்லுது.”

“எங்க ஒழுகுதுன்னு பார்த்தியா?”

“எங்கன்னு தெரிஞ்சா நான் ஏன் தட்டோட சண்டை போடறேன்?”

“போர்டுல எந்த இணைப்பு தளர்ந்திருக்குன்னு நாங்க திருகித் திருகியா பார்க்கிறோம்? சூட்டுக் கேமராவை நீட்டுவோம். தளர்ந்த இடம் சுடும். சுடுற இடம் மஞ்சளாத் தெரியும்.” சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

மறுநாள் அந்தக் கேமரா அவளுடைய சாப்பாட்டுப் பையில் கூடத்துக்கு வந்தது. வாசலில் தூசியக்காவே அதை மூன்று தடவை துடைத்தாள்.

“அண்ணன் கேமராவா?” என்றான் மீட்டர். “அது ஃபியூஸ் போன வீட்டுக்கு இல்ல?”

“இங்கயும் அதான் போயிருக்கு. கரன்ட் குடு.”

டாக்டரம்மாவும் வந்து நின்றார். அளக்கும் அறையின் கறுப்புத் திரையை இழுத்து மூடினார்கள். தகடு ஒளிராத அளவுக்கு, கசிவு மட்டும் ஓடும்படி, மீட்டர் மின்சாரத்தைக் கொடுத்தான். கேமராவின் சிறு திரையில் தகடு நீலமாகத் தெரிந்தது. மூவரும் காத்திருந்தார்கள்.

தூசியாக இருந்தால் அங்கங்கே புள்ளிகளாக மஞ்சள் தெரிய வேண்டும். புள்ளி ஒன்றும் வரவில்லை. தகட்டின் இரண்டு ஓரங்களிலும் மெல்ல மெல்ல ஒரு கோடு எழுந்தது. நேரான கோடு. அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல.

அடுத்த தகட்டை வைத்தார்கள். அதே கோடு. அதற்கடுத்ததிலும் அதே.

அந்த நேர்த்தி அந்தக் கட்டடத்தில் வேறு யார் கைக்கும் வராது. “இது என் கோடு” என்றாள் அவள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். “ரெண்டாவது தடவை உள்தள்ளித் துடைக்கிறீங்க இல்லக்கா? குச்சியில இருக்கிற கரைப்பான் ஓரத்தோட நிக்கல. படலத்துக்குள்ள ஊறி, அங்க கரைச்சு மெலிச்சு விட்டுடுது. மேல உலோகம் போட்டதும் மெலிஞ்ச இடத்துல கரன்ட் நேரா கீழ இறங்கிடுது. எனக்கும் தோணல. அந்த ஓரத்தைப் பார்த்து நானே பாராட்டியிருக்கேன்.”

மீட்டர் மின்சாரத்தை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“சொல்லு தம்பி. தேடினது தூசியை, ஒழுக விட்டது தூசியக்கா. அதானே? நானே சொல்லிட்டேன், சிரிச்சுக்கோ.”

அவன் சிரிக்கவில்லை. “சிரிக்க என்ன இருக்கு. காரணம் தெரிஞ்சுதே, அது போதாதா? இருக்கிற தகடுக்கெல்லாம் சூடு வெச்சு இந்தத் தடவை அனுப்பிடுவோம். அடுத்த தடவை ஒரே துடைப்பு. உங்க மேலயும் பேச்சு வராது.”

“என் தப்பைக் கொண்டுபோய் ஒரு குழந்தை காலுக்கடியில ஒளிச்சு வைக்கச் சொல்றியா?”

“யாரு அண்ணி ஒளிக்கச் சொன்னா...”

“தப்பு என்னுது. அதனாலதான் சொல்றேன், அதுக்குச் சூடு வைக்கிற வேலையே கிடையாது.”

சொல்லிக்கொண்டே அவள் மேசையிலிருந்த கத்திரியை எடுத்தாள். டாக்டரம்மா “அக்கா” என்பதற்குள் முதல் தகடு இரண்டாகி விழுந்தது. பிறகு அடுத்தது. அவசரமே இல்லாமல், இடது கையால், நிறுவனத்துக்குக் கொடுக்க வைத்திருந்த தகடுகள் அத்தனையையும் நடுவே வெட்டிக் குப்பைத் தட்டில் போட்டாள். மீட்டர் முகத்தில் ஈயாடவில்லை.

“வேலையை விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க” என்றாள் டாக்டரம்மாவைப் பார்த்து. “சூடு வெச்சு அனுப்ப இப்ப எதுவும் இல்ல.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். “உங்களை என்ன பண்றதுன்னு வியாழக்கிழமைக்கு அப்புறம் யோசிக்கிறேன். புள்ளிக் கரைசல் எவ்வளவு மிச்சம்?”

“ஒரு தடவை பூசலாம்.”

“அப்ப ஒரே தடவைதான். உலோகம் போடற அச்சை நான் ஓரத்துலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கிறேன், ஓரத்துல உலோகம் படாது. நீங்க போய்ப் பூசுங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க.”

கண்ணாடிப் பெட்டிக்குள் கைகள் மறுபடி நுழைந்தன. சொட்டும் சுழற்சியும் எப்போதும்போலத்தான். சிக்கல் ஓரத்தில் வந்தது. ஒருமுறை இழுத்து முடித்ததும் இடது கை தானாகவே அடுத்த குச்சியைத் தேடிப் போனது. அதட்டினாள். அடுத்த தகட்டிலும் போனது. கடைசியில், தகட்டுக்கு ஒன்றாகக் குச்சிகளை எண்ணி வைத்துவிட்டு, மீதிக் குச்சிகளைப் பெட்டியிலிருந்தே வெளியேற்றிவிட்டாள். ஓரங்கள் ஆட்டுக்குட்டி கடித்ததுபோல் கோணல்மாணலாக நின்றன. அவள் அவற்றைச் சாய்த்துப் பார்க்கவே இல்லை. பொறுத்துக்கொண்டாள்.

உலோகம் பூசி, மேலே காப்புப் படலம் ஒட்டி, தகடுகள் மீட்டரிடம் போயின. அவன் திரையை மூடிக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அவள் வாசலிலேயே நின்றாள்.

“என்ன தம்பி, தூங்கிட்டியா?”

“நம்பாம திரும்ப அளக்கிறேன். கொஞ்சம் சும்மா இருங்க.”

வந்தான். கசிவு எல்லைக்கு வெகுதூரம் கீழே போயிருந்தது. நழுவிக்கொண்டிருந்த மின்சாரமும் புள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்ததால், மங்கலாக எரியவிட்டபோதுகூடத் தகடுகள் முன்பைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஒளிர்ந்தன. குழந்தைக்கு அந்த மங்கல் வெளிச்சம்தான் தேவை. அவளே ஒவ்வொன்றையும் கட்டைவிரலில் வளைத்து நிமிர்த்தி, மறுபடி அளக்கச் சொன்னாள். கசிவு கீழேயே நின்றது.

“ஒண்ணைத் தவிர” என்றான் மீட்டர். “இது ஒழுகுது. நுண்ணோக்கியில பார்த்தேன். சந்தோஷப்படுங்க அண்ணி, இதுல நிஜமாவே தூசி.”

அவள் வாங்கிப் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு துரும்பு.

“ஒண்ணே ஒண்ணுதான்” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். “எண்ணிக்கை குறைஞ்சா டாக்டரம்மாதான் பதில் சொல்லணும்.”

“நானே சொல்லிக்கிறேன்.”

வியாழக்கிழமை நிறுவனத்திலிருந்து வந்த பெண் தலைக்கவசத்தைக் கையில் மாட்டியபடியே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக டாக்டரம்மாதான் பொருளைக் கொடுப்பார். அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு தூசியக்காவே முன்னால் நடந்தாள். டாக்டரம்மா தடுக்கவில்லை, பின்னால் வந்து கதவோரம் நின்றார்.

அந்தப் பெண் பெட்டியைத் திறந்து விரலால் எண்ணினாள். கடைசிக் குழி காலியாக இருந்தது.

“ஒண்ணு குறையுதே?”

“கசியுது. அதனால வைக்கல.”

“ஆர்டர்ல முழுசாப் போட்டிருக்கோமே. எங்க மேனேஜர் கேட்பார்.”

“கேட்டா என் பேரைச் சொல்லுங்க. எண்ணிக்கைக்காக ஒழுகுறதை வைக்க மாட்டேன். வேணும்னா இன்னொண்ணு பூசித் தர்றேன், காத்திருக்கணும்.”

அந்தப் பெண் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஒரு தகட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். “ஓரமெல்லாம் ஏன் இப்படிக் கோணலா இருக்கு?”

“கோணல்தான். அப்படித்தான் இருக்கும். நேரா வேணும்னா சூடு வெச்சுத் தரணும், அது இங்க கிடையாது. இதுல எதுக்கும் சூடு வைக்கல. வளைச்சுப் பாருங்க.”

அந்தப் பெண் தயங்கித் தயங்கித் தன் சுண்டுவிரலைச் சுற்றித் தகட்டை வளைத்தாள்.

“இன்னும் நல்லா. குழந்தை உதைக்கும்ல?”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறுக்கி வளைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி வளைத்தாள். பிறகு தகட்டை அதன் குழியில் வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கீழே இறக்கி, இரண்டு கைகளையும் நீட்டினாள். தூசியக்கா பெட்டியின் மூடியைத் தன் முழங்கைத் துணியால் ஒருமுறை துடைத்து, அந்தக் கைகளில் வைத்தாள்.